நத்தைக்குப் பல் பார்த்தவர்

வாயில் பஞ்சு வைத்த பிறகுதான் டாக்டர் பேச ஆரம்பிப்பார். அதற்கு முன் "வாங்கோ", "இருங்கோ", "திறவுங்கோ" என்பதோடு சரி. நோயாளியின் நாக்கு மரத்து, கன்னத்துக்குள் இரண்டு பக்கமும் பஞ்சுருளை ஏறி, எச்சில் இழுக்கும் குழாய் உதட்டோரத்தில் தொங்கியதும் நத்தையைத் தொடங்கிவிடுவார்.

"ஒரு மலையில ஒரு நத்தை இருக்குது எண்டு வையுங்கோ."

நாற்காலியில் கிடப்பவர் "ஆ" என்பார். அது வலியா சம்மதமா என்பது முன்மேசையில் உட்கார்ந்திருக்கும் எனக்கே தெரியாது. டாக்டர் அதைச் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்.

சிலிபின் டவுனில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் அந்தப் பல் கிளினிக் இருந்தது. இப்போது அங்கே கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். டாக்டர் தொழிலை நிறுத்திவிட்டு மகளோடு மெல்போர்னுக்குப் போய்விட்டார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் ரயில்வே வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண். தோழிகளோடு ஆங்கிலம்தான். நோயாளிகளிடம் மட்டும் தன் அம்மாவின் தமிழில் பேசுவார். எங்களைப் போல ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தவர்களுக்கு அது புதிதாக இருக்கும்.

"டாக்டர் சிலோன்லருந்து எப்ப வந்தீங்க?" என்று முதல்முறை வருபவர்கள் கேட்பார்கள்.

"நான் இங்க பத்து காஜாவில பிறந்தனான்" என்பார். "நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

வெளியே அவருக்குச் 'சிப்புட் டாக்டர்' என்று பெயர். சிப்புட் என்றால் மலாயில் நத்தை. ஆனால் அவர் பார்த்த நத்தையைப் பார்த்தவர்கள் ஊரில் அதிகம் இல்லை. கடுகைவிடக் கொஞ்சம் பெரியது. மலையடிவாரத்தில் நடைப்பயிற்சிக்குப் போனவர் செருப்பில் ஒட்டிய மண்ணை உதறும்போது ஒன்றைக் கண்டாராம். கிளினிக்கில் கண்ணில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடியால் பார்த்தால், அதன் ஓட்டு வாயில் பல். உண்மையான பல் இல்லை. பூச்சி உள்ளே நுழைந்து நத்தையைத் தின்னாமலிருக்க, வாசலில் கம்பி போட்டதுபோல ஓடே வளர்த்துக்கொள்ளும் சிறு மேடுகள். டாக்டருக்கு அது நன்றாகத் தெரியும். இருந்தாலும் 'பல்' என்றுதான் சொல்வார். மேல் வரிசை, கீழ் வரிசை என்று நோயாளிகளுக்கு வரைவதுபோலவே நத்தைக்கும் படம் வரைந்து வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் காரில் போவோம். அவரிடம் கார் இருந்தது, ஆனால் அதில் மண் ஏற்ற மாட்டார். ஒரு வாளி, ஒரு கரண்டி, டீ வடிகட்டி, பழைய பல் துலக்கிகள். பாறை இடுக்கை மெல்லத் துலக்கி, உதிர்வதை எடுத்து, தண்ணீர் வாளியில் போடுவார். மண் கீழே இறங்கும், வெற்று ஓடுகள் மிதக்கும். வடிகட்டியால் அள்ள வேண்டியதுதான். உயிருள்ளதை எடுத்தால் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுவார். முன்னும் பின்னும் நகர்த்தி, "இங்கதானே இருந்தவர்?" என்று என்னிடம் கேட்டு உறுதி செய்துகொள்வார்.

மலையடிவாரத்துக் கோயிலுக்கு வந்த ஒரு பெரியம்மா ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ஏம்மா, மலைக்கா பல்லு வெளக்குறாங்க?"

கோயிலுக்குப் பின்னாலிருந்து மண் எடுத்துப் போகிறார், வடிகட்டியில் வடிக்கிறார் என்ற செய்தி சிலிபினுக்கு வந்து சேர்ந்தபோது, அது செய்வினையாகிவிட்டிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன் என்று நேரம் வாங்கிக்கொண்டு வராமல் இருப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். நானும் யாரையும் திருத்தவில்லை.

நாற்காலியில் அவர் சொல்லும் பாடம் எனக்கு மனப்பாடம். இந்தச் சுண்ணாம்பு மலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கின்றன. இடையில் சாலை, வீடு, செம்பனை, ஈயம் தோண்டிய பழைய லொம்போங் குளங்கள். நத்தைக்குச் சுண்ணாம்பு இல்லாமல் ஓடு இல்லை. ஆகவே மலைக்கும் மலைக்கும் நடுவே இருப்பது நமக்கு நிலம், அதற்குக் கடல்.

"இந்த மலையில ஒரு பிள்ளை கொஞ்சம் மாறிப் பிறக்கும். அந்த மலையில இன்னொண்டு வேறை மாதிரி மாறும். ரெண்டு மலையும் கலந்தா அது சமனாப் போயிடும். கலக்க வழியில்லை. மாற்றத்துக்கு மேல மாற்றம் சேரும். கடைசியில ரெண்டையும் ஒரே பெட்டியில விட்டாலும் ஒண்டையொண்டு திரும்பியும் பாராது. பார்த்தாலும் பிள்ளை பிறக்காது. அப்பதான் அது வேறை இனம். விளங்குதோ?"

"ஆ."

"அது எந்த நாளில நடந்தது எண்டு கேக்கக் கூடாது. நாள் எண்டு ஒண்டு இல்லை. துப்புங்கோ."

இந்தப் பாடம் கிளினிக்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. உலகத்தில் எந்த இரண்டைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டு கேள்விகள்தான்: எப்போது பிரிந்தது? இன்னும் கலக்கிறதா? எங்கள் தோட்டத்தில் மீன் குழம்புக்கு அசாம் கெப்பிங் என்ற புளிப்புக் காய்வற்றல் போடுவோம், ஆற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டத்தில் புளிதான் கரைப்பார்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னேன். டாக்டர் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"ஆத்தில பாலம் எப்ப கட்டினவை?"

"நான் பிறந்த பிறகு டாக்டர்."

"பாலம் வந்த பிறகு குழம்பு கலந்ததோ?"

என் பெரியண்ணி அந்தப் புளிக்கரைத் தோட்டத்தவர், எங்கள் வீட்டில் இரண்டையும் போட்டுச் சமைக்கிறார் என்றேன். அன்று முழுவதும் அவர் முகத்தில் ஒரு திருப்தி.

ஒருமுறை கடைவாய்ப் பல்லுக்கு வந்த ஒருவர், பஞ்சு வைப்பதற்கு முன், வீட்டுக்காரியும் தானும் இப்போது சேர்ந்து இல்லை என்று சொல்லிவிட்டார். டாக்டர் கெட்ட எண்ணம் ஏதுமின்றி, அடைக்க வேண்டிய பல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்ப பிரிஞ்சனியள்? இன்னும் கலக்கிறியளோ?"

அவர் வாயை மூடினார். டாக்டரின் விரல் உள்ளே இருந்தது.

இப்படிப்பட்டவர் கையில் எங்கள் கோயில் கதை கிடைத்தால் என்ன ஆகும்? செமோர் போகும் வழியில் நெடுஞ்சாலைக்கு இரு பக்கமும் இரண்டு மலைகள், இரண்டிலும் குகைக் கோயில்கள். இந்தப் பக்கம் சின்ன மலை, எங்களுடையது. அந்தப் பக்கம் பெரிய மலை. முன்பு ஒரே நிர்வாகமாக இருந்தது. காவடி பங்குனி உத்திரத்திலா, சித்ரா பௌர்ணமியிலா என்று சண்டை வந்து இரண்டாகப் போனது. நாங்கள் பங்குனி. அவர்கள் சித்திரை. அதன் பிறகு அவர்கள் திருவிழாவுக்கு நாங்கள் போவதில்லை, எங்கள் திருவிழாவுக்கு அவர்கள் வருவதில்லை. எல்லாம் என் அண்ணன் சொன்னது. அவர்தான் சின்ன மலைக் கோயிலின் செயலாளர்.

"திருவிழா நாள் மாறினாலே போதும்" என்று டாக்டர் பரவசப்பட்டார். "ஒரே மரத்தில இருக்கிற பூச்சிகூட, ஒரு கூட்டம் முந்தி வெளியில வந்து, மற்றக் கூட்டம் பிந்தி வந்தால், சந்திக்காமலே வேறை வேறையாப் போயிடும். உங்கட பெடியள் பெட்டையளைத் திருவிழாவிலதானே பாக்கிறவை?"

அவர் அந்தச் சின்ன மலையைப் பிடித்ததற்குக் காரணம் கோயில் அல்ல. அதன் பின்சுவர்ப் பாறையில் இருந்த நத்தைக்குக் கீழ் வரிசையில் இரண்டு பல். பெரிய மலையில் இருப்பதற்கு ஒன்று. வேறு எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு பல்லுக்காக அவர் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு இரண்டு மலை நத்தைகளிலும் சிலவற்றைச் சோதிக்க அனுப்பிவிட்டுக் காத்திருந்த நேரத்தில்தான், கோயில் நிர்வாகம் அதே பாறையோரமாகச் சுவர் எழுப்பிக் கல்யாண மண்டபம் கட்ட முடிவு செய்தது. பாறையின் அடிப்பகுதி முழுக்கக் கான்கிரீட்.

டாக்டர் நேரே தலைவரைப் போய்ப் பார்த்தார். தலைவர் லோரி வைத்து மணல் ஏற்றிப் பெரியாளானவர், நல்ல மனுசர், குரல் மட்டும் லோரியைவிடப் பெரியது. அந்த நத்தை உலகத்திலேயே இந்தப் பாறையில்தான் இருக்கலாம், கான்கிரீட் போட்டால் ஒன்றுகூட மிஞ்சாது என்று டாக்டர் சொன்னார். தலைவர் கண் கலங்கிவிட்டார். அவருக்கு விஷயம் எங்கே பட்டது என்று எனக்குத் தெரியும். அவர்கள் தோட்டம் விற்கப்பட்டபோது, குடியிருந்த லயத்தை இடிக்க மண்வாரி வந்து நின்றதைப் பார்த்த குடும்பம்.

"டாக்டர், நீங்க கவலப்படாதீங்க. ஒரு உசுரு சாகாது. நான் பாத்துக்கிறேன்லா."

இரண்டு வாரம் கழித்துத் தலைவரும் என் அண்ணனும் கிளினிக்குக் கல்கண்டும் விபூதியும் கொண்டுவந்தார்கள். இருவர் முகமும் மலர்ந்திருந்தது.

"முடிஞ்சிருச்சு டாக்டர்" என்றார் தலைவர். "ஊரக் கூட்டிக் கோத்தோங் ரோயோங் போட்டோம். இளைஞர் பகுதி, மாதர் பகுதி எல்லாம் வந்து பொறுக்கி எடுத்துட்டாங்க. தேங்கா ஒடச்சி, சாமி கும்பிட்டு, எல்லாத்தையும் ஷிப்ட் பண்ணியாச்சு. நாளன்னிக்குச் சிமெண்ட் லோரி வருது."

"எங்க விட்டனீங்கள்?"

"அங்கதான், பெரிய மலையில. பின்பக்கமா. அவனுங்களுக்குத் தெரியாம."

டாக்டர் நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலியில் அவரை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"கலந்து போட்டியளே" என்றார். "எவ்வளவு காலமாப் பிரிஞ்சு கிடந்தது. ஒரு காலமையில கலந்து போட்டியளே."

தலைவருக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒண்ணு விடல டாக்டர். ரெண்டு மிலோ டின்னு, ஒரு ஐஸ்கிரீம் டப்பா நெறைய."

"ஆட்டி ஆட்டி நெரம்பிருச்சு" என்றார் அண்ணன்.

டாக்டர் தலை நிமிர்ந்தார். மிலோ டின் நிறைய அந்த நத்தை என்றால், மலையையே துடைத்து எடுத்தாலும் தேறாது.

"ஒண்டு எவ்வளவு பெரிசு?"

தலைவர் தன் முஷ்டியைக் காட்டினார்.

டாக்டர் சிரித்தார். அவர் சிரிப்பில் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். குலுங்கிக் குலுங்கிக் கண்ணீர் வந்தது. என்னிடம் டிஷ்யூ கேட்டார்.

"அது ஆப்பிரிக்க நத்தை ஐயா. உங்கட கோயில் வாழைக்கண்டைத் தின்னுற நத்தை."

தலைவர் முகம் தொங்கிப்போனது. "அத நாங்க உப்புப் போட்டுல்ல கொல்லுவோம்? அதுக்கா தேங்கா ஒடச்சோம்?" என்று அண்ணனைப் பார்த்தார்.

"நீங்கதாண்ணே சிப்புட்டுன்னு சொன்னீங்க" என்றார் அண்ணன். "எந்தச் சிப்புட்டுன்னு சொன்னீங்களா?"

டாக்டரின் நிம்மதி அரை நிமிடம்கூட நிற்கவில்லை. நத்தை பாறையிலேயே இருக்கிறது. சிமெண்ட் லோரி நாளை மறுநாள். இதற்கு மேல் எதையும் நகர்த்த முடியாது என்று தலைவர் முறுக்கிக்கொண்டார். ஊரைக் கூட்டித் தேங்காய் உடைத்தாகிவிட்டது, மறுபடி கூப்பிட்டால் சிரிப்பார்கள். அதுவும் கண்ணுக்கே தெரியாத ஒன்றுக்கு.

"கண்ணுக்குத் தெரியும்" என்றார் டாக்டர். "வாங்கோ."

அன்று மாலையே கிளினிக்கை அடைத்துவிட்டு மலைக்குப் போனோம். நிர்வாகத்தினர் எல்லாரையும் அண்ணன் போன் போட்டு வரவழைத்தார். டாக்டர் பாறையிலிருந்து ஒரு நத்தையை ஈரப் பஞ்சில் எடுத்து வைத்தார். பூதக்கண்ணாடியைத் தலைவர் தலையில் மாட்டி, விளக்கைச் சரிசெய்து, தோளைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"ஒண்ணும் தெரியல. மங்கலா இருக்கு. இரு, இரு… அலாமாக்!" தலைவர் மூச்சைப் பிடித்தார். "பல்லு இருக்குடா!"

"கீழ எத்தினை?"

"ரெண்டு."

ஒவ்வொருவராக வரிசையில் நின்று பார்த்தார்கள். மாதர் பகுதித் தலைவி, சொத்தை இருக்கிறதா என்று கேட்டார். டாக்டர் அதையும் குனிந்து பார்த்து, இல்லை என்றார். பிறகுதான் தலைவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சும்மா கேட்பதுபோல.

"இது அவனுங்க மலையில இருக்கா?"

"அங்க இருக்கிறதுக்கு ஒரு பல்தான்."

தலைவர் நெடுஞ்சாலைக்கு அப்பால் பெரிய மலையைப் பார்த்தார். அங்கே பெரிய சிலை உண்டு, பஸ் நிறுத்தும் இடம் உண்டு, வார இறுதியில் வெளியூர்க் கூட்டம் உண்டு.

"அப்ப அவனுங்களுக்கு இது இல்ல."

"இல்லை."

"சிமெண்ட் லோரிய நிறுத்து" என்றார் தலைவர்.

அடுத்த மாதமே பாறைக்கு முன்னால் கம்பி வேலியும் பலகையும் வந்துவிட்டன. 'உலகிலேயே இம்மலையில் மட்டும் வாழும் இரட்டைப் பல் நத்தை. பாறையைத் தொடாதீர்.' மலாயிலும் சீனத்திலும்கூட எழுதியிருந்தார்கள். பல்கலைக்கழகம் இன்னும் பதில் சொல்லவில்லை, அவசரப்படாதீர்கள் என்று டாக்டர் எத்தனையோ முறை சொன்னார். பலகைக்குச் சந்தனம் பூசிவிட்டார்கள்.

பதில் அதற்கு அடுத்த வருடம்தான் வந்தது. டாக்டர் படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி படித்தார். இரண்டு மலை நத்தைகளும் விலகிப் போய்க்கொண்டிருக்கின்றன, ஆனால் இன்னும் தனி இனம் என்று சொல்லிவிட முடியாது. ஒரு பல், இரண்டு பல் என்பதும் உறுதியான அடையாளம் இல்லை. சின்ன மலையிலேயே ஒற்றைப் பல்லோடு சில இருக்கின்றன.

"டாக்டர்" என்றேன், "இத அவங்ககிட்ட சொல்லாதீங்க. மண்டபத்துப் பிளான் அப்படியேதான் இருக்கு. சொன்னா மறுநாளே லோரி வந்துரும்."

"பல் ஆடுது எண்டால் ஆடுது எண்டுதானே சொல்ல வேணும்."

"ஆடுற பல்லுன்னா பரவாயில்ல டாக்டர். இது மொத்த மலையும்லா."

"சொல்லாமல் காப்பாத்தினா, ஆர் காப்பாத்தினது? பொய்தானே?"  அன்று இரண்டு நோயாளிகளுக்குப் பஞ்சு வைத்த பிறகும் வாய் திறக்கவில்லை. இரண்டாமவர் எழுந்து போகும்போது, டாக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்.

நிர்வாகக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று எதையும் மறைக்காமல் சொன்னார்.  தலைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர், நீட்டி முழக்காதீங்க. இது வேறயா, ஒண்ணா?"

"ரெண்டும் இல்லை. பிரிஞ்சு கொண்டிருக்குது."

"அது எப்படி? பிரிஞ்சா பிரிஞ்சதுதான். நாங்க பிரியல?"

"உங்கட மகளை எங்க குடுத்தனீங்கள்?"

கூட்டத்தில் யாரோ இருமினார். தலைவரின் மகள் பெரிய மலை நிர்வாகத்தின் பொருளாளர் மகனைக் காதலித்துக் கட்டிக்கொண்டது ஊருக்கே தெரியும். ஊர் தன்னிடம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதால் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் தலைவர் ஒருவர்தான்.

"பேரப்பிள்ளை இருக்குதோ?"

"ரெண்டு" என்றார் தலைவர் மெல்ல.

"அப்ப நீங்கள் இன்னும் பிரியேல்லை. அதுபோலத்தான் இதுவும். முக்கால்வாசி வந்திட்டுது. குறுக்க ஒண்டும் வராட்டி, கலக்காட்டி, பிறகு பிரியும்."

பின்வரிசையிலிருந்து ஒருவர், அப்படியென்றால் பலகையைக் கழற்றிவிட்டுச் சுவரைக் கட்டலாமே, மண்டபத்துக்கு ஆள்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். இரண்டு மூன்று தலைகள் ஆடின. டாக்டர் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பாறை இருந்த பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார். அவர் யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். கெஞ்சிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

"கழட்டு, கழட்டு" என்றார் தலைவர். "கழட்டிட்டு நாளைக்குச் சம்பந்தி வீட்டுக்கு நீ போ. அவரு கேப்பாரு, என்னா சம்பந்தி, ஒங்க சிப்புட்டும் எங்க சிப்புட்டும் ஒண்ணுதானாமேன்னு. நீ பதில் சொல்லு." பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார். "முழுசாப் பிரிய இன்னும் எவ்வளவு நாளாகும்?"

"சொல்லேலாது. ஒரு லட்சம் வருஷம் ஆகலாம். கூடவும் ஆகலாம்."

தலைவர் யோசித்தார். லோரித் தொழிலில் பல தவணைகளைப் பார்த்தவர்.

"இவ்வளவு தூரம் வந்துட்டு இப்ப விடக் கூடாது. எழுது" என்றார் என் அண்ணனிடம். "சுவர் வேலை, நத்தை பிரியற வரைக்கும் ஒத்திவைக்கப்படுகிறது."

அண்ணன் எழுதிவிட்டுத் தலை நிமிர்ந்தார். "முன்மொழிந்தது தலைவர். வழிமொழியறது யாரு?"

யாரும் கை தூக்கவில்லை. மண்டபத்தில் மகள் கல்யாணத்தை வைக்கக் காத்திருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அப்போது டாக்டரின் கை, பள்ளிப் பிள்ளையின் கை போல, முழங்கை மடங்காமல் நேராக மேலே போனது. அவர் கோயில் உறுப்பினரே இல்லை. என் அண்ணன் ஒரு கணம் தலைவரைப் பார்த்தார், தலைவர் கூரையைப் பார்த்தார். அண்ணன் எழுதிக்கொண்டார்.